இரண்டு நாள் கணக்கு எல்லாக் கிருமிக்கும் பொருந்தாது
“கடல்நீர்க் கிருமி தொற்றினால் இரண்டு நாளில் தெரிந்துவிடும், அதன்பின் பயமில்லை” என்று மேலே உள்ள கட்டுரை சொல்வது, விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற வேகமாகத் தாக்கும் கடல்நீர்க் கிருமிக்குப் பொருந்தலாம். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற இன்னொரு நீர்க் கிருமிக்குப் பொருந்தவே பொருந்தாது. காசநோய்க் கிருமியின் உறவான இது, குத்திய காயம் ஆறிப் பல வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை வைத்திருந்த என் தாய்மாமாவுக்கு இறாலின் தலைமுள் நடுவிரலில் குத்தியது. ஒரு மாதம் கழித்து வலியில்லாத ஒரு கட்டி வந்தது. பிறகு முன்கை வரை வரிசையாக நான்கைந்து. மூட்டுவாதம் என்று நினைத்து ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்டார். சதையை எடுத்துச் சோதித்தபோதும் முதலில் கிருமி ஒன்றும் வளரவில்லை. ஆய்வகங்களில் வழக்கமாக 37 டிகிரியில் வளர்த்துப் பார்ப்பார்கள். இந்தக் கிருமிக்கோ 30 டிகிரி வேண்டும். உடலுக்குள் இறங்காமல் கை, கால் போன்ற குளிர்ந்த இடங்களில் அது தங்குவதும் அதனால்தான். இறால் வேலை செய்பவர் என்று ஒரு மருத்துவர் சோதனைச் சீட்டில் எழுதி அனுப்பிய பிறகே சரியான சோதனை நடந்தது. மஞ்சள் பற்று போதும் என்று மேலே பின்னூட்டத்தில் எழுதியிருக்கும் நண்பருக்கு: மாமாவும் முதலில் அதைத்தான் போட்டார். பிறகு மாதக்கணக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்துச் சாப்பிட்டும், அந்த விரலை இன்றுவரை முழுதாக மடக்க முடியவில்லை.