நோட்டீஸில் ஏறாத பெயர்கள்

நேற்றிரவு ஒத்திகை முடிந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து வரும்போது மனதை அரித்த ஒரு விஷயம்: ஒரு பாடகர் குழாமைத் தாங்குகிற துணையாட்களின் பெயர் ஏன் நிகழ்ச்சி நோட்டீஸில் ஏறுவதில்லை? நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பில் ஒரு பாடகர் குழாமில் பதினெட்டு வருடமாகப் பேஸ், அதாவது ஆண்களின் கீழ்க்குரல், பாடுகிறேன். பெரிய குரல் இல்லை. பின்வரிசையில் நின்று, மற்றவர்கள் மேலே பறக்கக் கீழே தரை போட்டுக் கொடுக்கிற வேலை. எங்கள் குழாம் எந்த ஒரு கோயிலுக்கும் சொந்தமானதல்ல. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், நாலைந்து சைவப் பிள்ளைகள், ஒரு பறங்கியர் குடும்பம் என்று கலந்த கூட்டம். நத்தாருக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் பாடுவோம், ஊரில் நல்லது கெட்டது நடந்தால் கூப்பிடுவார்கள், போவோம்.

மூன்று வருடத்துக்கு முன் நத்தார் நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது, எங்களை நடத்துகிற சேருக்கு நெஞ்சுவலி வந்து கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். (இப்போது சுகமாக இருக்கிறார், பழையபடி திட்டுகிறார்.) பாட்டெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அவர் இல்லாத முதல் ஒத்திகையில் ஒரு பாட்டைக்கூடத் தொடங்க முடியவில்லை. பாட்டு தொடங்குவதற்கு ஒரு கணம் முன்னால் அவர் கையைத் தூக்கி எங்களோடு சேர்ந்து மூச்செடுப்பார். என்ன வேகம், எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் அந்த ஒரு அசைவுக்குள் இருந்திருக்கிறது. அது இல்லாமல் நாற்பது பேரும் நாற்பது இடத்தில் மூச்செடுத்தோம். எந்த வரியில் குரலை இறக்குவது, எங்கே நிறுத்துவது என்று அவர் குறித்து வைத்திருந்த கொப்பியும் அவருடைய பையோடு கொழும்புக்குப் போய்விட்டது.

காப்பாற்றியது கீபோட் வாசிக்கிற பிள்ளை. வங்கியில் வேலை, நேரே வேலையிலிருந்து வந்து சாப்பிடாமல் வாசிக்க உட்காருவாள். கீபோட்டை எங்களைப் பார்த்தபடி திருப்பி வைத்தாள், தலையை அசைத்துத் தொடங்கினாள், அந்தத் தலையசைவிலேயே நிகழ்ச்சி முழுக்க ஓடியது.

அவளால் ஏன் முடிந்தது என்று பிறகு யோசித்தேன். எனக்கு என் பேஸ் மட்டும்தான் தெரியும். பெண்களின் மேல்குரலான சொப்ரானோவுக்கு அவர்களுடையது. நான்கு குரலும் சேர்ந்தாற்போல் கைக்குள் இருப்பது அவளிடம். பெண்களின் கீழ்க்குரல் பாடுகிற அல்டோக்காரர் மெல்ல நழுவிச் சொப்ரானோவின் மெட்டுக்குள் விழும்போது சேருக்கு முன்னமே அவளுக்குத் தெரியும், அந்த வரியை மட்டும் கொஞ்சம் அழுத்தி வாசிப்பாள். ஒருநாள் புழுக்கத்தில் எல்லாரும் களைத்து மேல்சுரம் எட்டாமல் திணறியபோது, இரண்டு பாட்டுக்கு இடையில் பொத்தானை அமுக்கி அரைச்சுரம் இறக்கிவிட்டாள். சேருக்கே தெரியாது. "சொன்னா எல்லாருக்கும் ரோஷம் வந்திடும் அண்ணா" என்று பிறகு சிரித்தாள்.

நிகழ்ச்சி நோட்டீஸில் அவளுடைய பெயர் இல்லை. இயக்குநர் பெயர், பிரதம விருந்தினர் பெயர், ஒலிபெருக்கிக்காரர் பெயர்கூட இருந்தது.

இது நம்முடைய மண்ணுக்கே ஒவ்வாத பழக்கம் என்பேன். கூத்துக் களரியைப் பாருங்கள். வடமோடியோ தென்மோடியோ, கூத்தின் எந்த வகையானாலும் அதைப் பழக்குகிற அண்ணாவியார்தான் பெரியவர், சந்தேகமே இல்லை. ஆனால் தாளம் போடுகிற சல்லரிக்காரர் யார், பிற்பாட்டுக்காரர் யார் என்பதும் ஊருக்குத் தெரியும். ஏடு பார்க்கிறவர் என்று ஒருவர் நிற்பார், ஆடுகிறவனுக்கு வரி தடுமாறினால் முதலடியை எடுத்துக் கொடுப்பார். சட்டம் கொடுத்து (ஆடுகிறவர்களுக்கு அவரவர் வரிகளைக் கொடுப்பது), சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை), அரங்கேறும்வரை மாதக்கணக்கில் நடக்கிற வேலையை ஒரு ஆள் சுமப்பதில்லை. சேர்ந்திசைக்கு வந்ததும் மட்டும் எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவர் கனடா போனால் குழாமும் கலைந்துபோகிறது. கண்ணுக்கு முன்னால் இரண்டு குழாம் அப்படிப் போயிருக்கிறது.

ஏடு பார்க்கிறவர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன், கோயிலில் லத்தீனில் பாடிய காலத்தில், ஒரு சொல் பிழைத்தால் ஊரில் யாருக்குத் தெரிந்திருக்கும்? 1960களில் வழிபாடு தமிழுக்கு மாறிய பிறகு முன்வாங்கில் இருக்கிற ஆச்சிக்கே எல்லாம் விளங்கும். மேலைநாட்டு மெட்டில் தமிழைப் போடும்போது குறில் விழவேண்டிய இடத்தில் நீளமான சுரம் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு பாட்டில் "மரியே" என்ற சொல்லின் முதலெழுத்தை நாங்கள் நான்கு தட்டுக்கு இழுத்தோம். சனங்களுக்குக் கேட்டது "மாரியே". கேட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் முடிந்ததும் வந்து சொன்னார்: "மனே, மாரியம்மனையும் கும்பிடலாம்தான். ஆனா இந்தப் பாட்டு அவவுக்கு இல்ல." அன்றிலிருந்து புதுப்பாட்டு வந்தால் முதலில் அவரிடம்தான் போகிறது. இழுவையை "யே" மேல் நகர்த்தச் சொல்வார், பிரச்சினை தீர்ந்துவிடும். அவரும் எங்கள் கலைப்பணியாளர்தானே? பிளேன்டீ ஒன்றுதான் சம்பளம்.

அப்புறம், ஒவ்வொரு குரலுக்கும் ஒரு முதன்மைப் பாடகர் வேண்டும். அரை மணித்தியாலம் ஆண்களின் மேல்குரலான டெனர்காரர்களைத் தனியே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தால், மற்றவர்கள் அந்த நேரம் போன் நோண்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆள் இல்லை என்பது பொய். காரைதீவில் பிறந்து யாழ் நூல் எழுதிய விபுலானந்த அடிகளின் பெயரில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடிப் பக்கம்தான் இருக்கிறது. சங்கீதம் படித்து வெளியே வருகிற பிள்ளைகளைத் தமிழ்த்தினப் போட்டி வந்தால் மட்டும் தேடுகிறோம். கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு நான்கு குரல் இசை சரிவராது என்பார்கள். கொஞ்சம் உண்மை இருக்கிறது: நான்கு குரலும் சேர்ந்து நிற்கிற இடத்தில் ஒருவர் கர்நாடக இசைக்குரிய கமகத்தோடு காந்தாரச் சுரத்தை அசைத்தால் எல்லாம் கலங்கிவிடும். ஆனால் ஆட்டாமல் நிற்கப் பழக்குவது சுலபம். சுருதியே இல்லாத எங்களைப் போன்றவர்களைச் சுருதியில் நிறுத்துவதுதான் கஷ்டம். வாத்தியம் இல்லாமல் பாடினால் மூன்றாம் சரணத்தில் நாங்கள் எங்கே இறங்கி நிற்போம் என்று எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்கிற கல்லடிப் பாடுமீனுக்குத்தான் வெளிச்சம்.

தலைக்குத் தலை நாட்டாமை ஆகிவிடும் என்று ஒரு அண்ணன் சண்டைக்கு வந்தார். கடைசிச் சொல் ஒருவருடையதாக இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. வேகத்தை இரண்டு பேர் தீர்மானித்தால் பாட்டு செத்துவிடும். நான் கேட்பது வேறு. சேரின் குறிப்புக் கொப்பிக்குப் போட்டோகொப்பி ஒன்று குழாமிடம் இருக்கட்டும். மாதம் ஒரு ஒத்திகையைத் துணைக்கு இருப்பவர் நடத்தட்டும், சேர் பின்னால் உட்கார்ந்து கேட்கட்டும். கீபோட் பிள்ளைக்கு ஓட்டோக் காசாவது கொடுங்கள்.

ஒருவர் போனாலும் வேலை நிற்காததற்கு ஊரிலேயே சாட்சி இருக்கிறது. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் 1814இல் இங்கே வந்தார், அடுத்த வருடமே இறந்துபோனார். அவர் தொடங்கிய பள்ளிக்கூடத்தை வேறு ஆட்கள் பிடித்துக்கொண்டபடியால்தான் மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றைக்கும் மணி அடிக்கிறது.

சரி, நேற்று என்ன நடந்தது என்று சொல்லவில்லையே. இந்த வருட நோட்டீஸின் மாதிரி வந்தது. பிள்ளையின் பெயரும் வாத்தியாரின் பெயரும் போடச் சொன்னேன். இடம் போதாதாம். நன்கொடையாளர் படம் ஆறு இருக்கிறது, ஒவ்வொன்றும் முத்திரையை விடப் பெரிது. அதில் ஒன்று என் மச்சானுடையது. அவனிடம் நானே பேசிக்கொள்கிறேன், படத்தைச் சின்னதாக்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.