ஆம்பைத் திட்டுமுன் பிளக் பாயிண்டை அளந்தீர்களா?

“அவுட்புட் டிரான்சிஸ்டர் போச்சு, மாத்தினேன், ஆறே மாசத்துல திரும்பவும் போச்சு.” “ஸ்பீக்கர்ல கீச்சுச் சத்தம் தர்ற ட்வீட்டர் எரிஞ்சுது, புதுசு போட்டேன், அதுவும் எரிஞ்சுது.” “ராத்திரி பத்து மணிக்கு மேல நல்லா பாடுது, சாயங்காலம் ஆனா உம்முனு இரைச்சல்.” பாட்டுக் கேட்க ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) வைத்திருப்பவர்களிடம் இப்படி எத்தனை புலம்பல்! உடனே ஆளுக்கொரு வைத்தியம்: ஆம்ப் மட்டம், போர்டு டூப்ளிகேட், ஸ்பீக்கர் பொருந்தவில்லை, கேபிளை மாற்று. ஆயிரக்கணக்கில் கொட்டி எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்து, சுவரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. வயிறு எரிகிறது.

குண்டு பல்பு இருந்த காலத்தில் இந்தக் குருட்டுத்தனம் இல்லை. லோ வோல்டேஜ் என்றால் பல்பு சிவந்து மங்கும், பாட்டிக்குக்கூடத் தெரியும். இப்போது எல்லாம் எல்இடி. உள்ளே இருக்கும் டிரைவர் 160 வோல்ட்டிலும் 260 வோல்ட்டிலும் ஒரே வெளிச்சம் தரும். வீடு பளிச்சென்று இருக்கிறது, அதனால் கரண்ட் நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பழைய ஆம்ப் மட்டும்தான் உண்மையைச் சொல்கிறது, அதையும் நாம் திட்டுகிறோம்.

1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே எழுதிவைத்திருந்தார்கள்: வீட்டு இணைப்பில் வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. 240 வோல்ட்டுக்கு இது 225 முதல் 254 வரை. நம் தெருக்களில் என்ன வருகிறது? தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாகத் தருவது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அது 250. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில், ஊர் அடங்கிய நேரத்தில், 255, 260 நிற்கும். அதே தெருவின் கடைசிப் போஸ்ட்டில், சாயங்காலம் ஏழரை மணிக்கு ஏசியும் தண்ணி மோட்டாரும் ஒன்றாக ஓடும்போது 185. ஒரே தெரு! பத்து வருடத்துக்கு முன் போட்ட அதே 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர், வீட்டுக்கு ஒரு ஏசி இருந்தது இன்று ரூமுக்கு ஒன்று. பில்லை மட்டும் ஒரு ரூபாய் குறையாமல் கட்டுகிறோம்.

இது ஆம்புக்குள் என்ன செய்கிறது? டிவிக்கும் செல்போன் சார்ஜருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை இருக்கிறது, 90 முதல் 264 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் தன் வேலையைச் செய்யும். நல்ல ஸ்டீரியோ ஆம்பில் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், இரண்டு பெரிய கெப்பாசிட்டர், அவ்வளவுதான். அவுட்புட் பகுதிக்கு, வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் கிடையாது. சுவரில் ஏறினால் உள்ளேயும் ஏறும், சுவரில் இறங்கினால் உள்ளேயும் இறங்கும்.

35-0-35, அதாவது நடு முனையிலிருந்து இரண்டு பக்கமும் 35 வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மர் போட்ட ஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் சப்ளை ரெயில், அதாவது கெப்பாசிட்டரில் நிற்கும் டிசி, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 48 வோல்ட். டிரான்சிஸ்டர்களில் நாலு வோல்ட் போக, 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 120 வாட் கிடைக்கும். சுவரில் 180 ஆனால் ரெயில் 37-க்கு வந்துவிடும், கிடைப்பது 68 வாட். பவர் என்பது வோல்டேஜின் வர்க்கத்தில் விழுகிறது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. காதுக்கு இது இரண்டரை டெசிபல்தான். “சத்தம் கொஞ்சம் டல்லா இருக்கே” என்று கை தானாக வால்யூமைத் திருப்பும். அங்கேதான் ட்வீட்டர் சாகிறது. ரெயில் 37-இல் முட்டியதும் அலையின் தலை வெட்டப்படுகிறது. வெட்டுப்பட்ட அலையில் ஹை ஃப்ரீக்வென்சி புதிதாக முளைக்கிறது, சராசரிப் பவரும் ஏறுகிறது, எல்லாம் நேராக ட்வீட்டருக்குப் போகிறது. தலைமுடி மாதிரி கம்பியால் சுற்றிய அந்தச் சுருள் தொடர்ந்து தாங்குவது சில வாட்தான். ஸ்பீக்கர் 150 வாட் என்று அட்டையில் போட்டிருப்பது ட்வீட்டருக்கு அல்ல, அய்யா!

சாயங்கால இரைச்சலுக்கும் இதேதான் காரணம். சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்பில் 7815, 7915 ரெகுலேட்டர் ஐசி இருக்கும். 15 வோல்ட்டைச் சுத்தமாகத் தர, உள்ளே குறைந்தது 17 வோல்ட் வேண்டும். 15-0-15 டிரான்ஸ்பார்மர் சுவரில் 180 வரும்போது 16 வோல்ட்டைத் தாண்டாது. ரெகுலேட்டர் கைவிட்டுவிடுகிறது, டிசியில் மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலை (ரிப்பிள்) அப்படியே பாட்டோடு சேர்ந்து வருகிறது. இதற்கு எர்த் சரியில்லை என்று புதுக்குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டியவர்கள் உண்டு. பாவம், எர்த்தில் தப்பே இல்லை.

ஹை வோல்டேஜ் சத்தமில்லாமல் கொல்லும். 260 வோல்ட்டில் அந்த 48 வோல்ட் ரெயில் 55 ஆகும், பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போது டிரான்ஸ்பார்மரில் சுமை இல்லாததால் இன்னும் கூடும். காசை மிச்சம்பிடிக்க 50 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் தலை உப்பி, கசிந்து, ஒருநாள் வெடிக்கும். இந்த ரெயிலுக்கு 63 வோல்ட் வேண்டும், 10,000 மைக்ரோஃபாரட், அதுவும் 105 டிகிரி சூடு தாங்கும் ரகம். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் கதி இன்னும் மோசம். ஈஎல்34 வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், பத்து சதவீதம் கூடினால் 6.9, அதுதான் எல்லை. சுவரில் 260 என்றால் ஹீட்டருக்கு 7.1 போகிறது. விலை கொடுத்து வாங்கிய ஜோடி வால்வு சீக்கிரம் செத்துப்போவதில் ஆச்சரியமே இல்லை.

வளைகுடாவிலிருந்து வந்த பழைய ஜப்பான் செட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்ததும் எழுந்து போய்ப் பின்பக்கம் பாருங்கள். 110, 120, 220, 240 என்று ஒரு செலக்டர் இருக்கும். பல செட்டுகள் 220-லேயே கிடக்கின்றன. சுவரில் 250 வந்தால் உள்ளே எல்லாமே சுமார் 14 சதவீதம் அதிகம், வருடக்கணக்காக. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் 240-க்குத் திருப்புங்கள். ஒரு பைசா செலவில்லை. சர்வீஸ் கடைக்கு நாலு தடவை போய்வந்த செட்டில்கூட இதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், அதுதான் ஆத்திரம்.

இதையெல்லாம்விடப் பெரிய கொலைகாரன் நியூட்ரல் அறுந்துபோவது. போஸ்ட்டிலிருந்து வரும் அலுமினிய சர்வீஸ் ஒயரைச் சும்மா முறுக்கி விட்டிருப்பார்கள். மழையில் கறுத்து, காற்றில் ஆடி, ஒருநாள் விட்டுவிடும். உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் வருகிற நியூட்ரல் போனால் கரண்ட் நிற்கும், அவ்வளவுதான். தெரு லைனில் போனாலோ, மூன்று ஃபேஸ் வீட்டின் மெயினில் போனாலோ, இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே உள்ள 415 வோல்ட்டை அவற்றில் ஓடும் பொருள்கள் பங்குபோட்டுக்கொள்ளும். பங்கு நியாயமாகப் பிரியாது. ஒரு பக்கம் 2,000 வாட் ஏசி, உங்கள் பக்கம் 100 வாட் அளவுக்கு ஆம்பும் டிவியும் என்றால், கணக்குப்படி உங்கள் பக்கம் 395 வோல்ட். குறைவாக எரிக்கிறவன்தான் அதிகம் அடிவாங்குகிறான்! எஸ்எம்பிஎஸ்ஸும் இதில் தப்பாது. 300 வோல்ட் வந்தாலே உள்ளே 424 வோல்ட் டிசி ஆகும், அங்கே இருப்பதோ 400 வோல்ட் கெப்பாசிட்டர். விளக்கு ஒன்று மங்கி இன்னொன்று பிரகாசமானால், ஃபேன் திடீரென்று வேகம் பிடித்தால், யோசிக்காமல் ஓடிப்போய் மெயினை அணையுங்கள்.

இவ்வளவுக்கும் கடையில் என்ன வைத்தியம் சொல்கிறார்கள்? ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரைத் தலையில் கட்டுகிறார்கள். அது ரிலே வகை. 170 முதல் 270 வரை வாங்கி 200 முதல் 240 வரை தரும். 40 வோல்ட் ஆட்டம்! கம்ப்ரெசருக்கு அது போதும். ஆம்புக்கு, ஒவ்வொரு முறை ரிலே தட்டும்போதும் 15, 20 வோல்ட் குதிக்கும், நடுவில் சில மில்லிசெகண்ட் அறுபடும், ரெக்கார்ட் பிளேயர் ஓடினால் ஸ்பீக்கரில் டப்பென்று கேட்கும்.

இன்னொன்று ஸ்பைக் பஸ்டர். உள்ளே ஒரு எம்ஓவி, வோல்டேஜ் எல்லை மீறினால் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் சின்ன வில்லை, பெரும்பாலும் 431 எண், அதாவது 275 வோல்ட்டுக்கானது. ராத்திரி 260 நிற்கும் ஊரில் அதற்கு மூச்சுவிட இடமே இல்லை. 290 சில நிமிடம் நின்றால் சூடாகிப் பொசுங்கும். 511 எண் போட்ட 20 மில்லிமீட்டர் எம்ஓவி, 320 வோல்ட், நமக்கு அதுதான் சரி. சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், ஃபியூஸுக்குப் பிறகுதான் மாட்ட வேண்டும். அதுவும் இடிமின்னல் மாதிரி கணநேர அடிக்குத்தான், நியூட்ரல் போனதற்கு அல்ல.

இன்வெர்ட்டர் விஷயம் தனிக்கொடுமை. மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் மீட்டர் 230 காட்டும். ஆனால் ஆம்பின் கெப்பாசிட்டர் நிரம்புவது அலையின் உச்சியில். சைன் அலையில் உச்சி 325 வோல்ட், முழுச் சதுர அலையில் உச்சியே 230. நம் 48 வோல்ட் ரெயில் 34-க்கு விழுந்துவிடும், டிரான்ஸ்பார்மர் வண்டுபோல் ரீங்கரிக்கும். ஹைஃபை வைத்திருக்கும் வீட்டுக்கு ப்யூர் சைன் வேவ்தான், பேச்சே இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு, சுவரிலிருந்து ஆம்ப் வரை ஒன்றரை மீட்டருக்கு இருபதாயிரம் ரூபாய் பவர் கேபிள் விற்கிறார்களே! போஸ்ட்டிலிருந்து வருவது கறுத்துப்போன அலுமினியம். அந்த ஒன்றரை மீட்டர் எதைச் சரிசெய்யும்?

செய்யவேண்டியது இது. மூன்று நாள், காலை ஆறு, இரவு எட்டு, நள்ளிரவு தாண்டி ஒன்று, மூன்று வேளையும் ஆம்ப் பிளக்கில் அளந்து எழுதுங்கள். மீட்டர் ஏசி 600 அல்லது 750 ரேஞ்சில் இருக்கட்டும், கை உலோக முனையில் படக்கூடாது. பிறகு அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அயர்ன் பாக்ஸ் போட்டதும் பத்தைத் தாண்டினால் எங்கோ நியூட்ரல் ஜாயிண்ட் லூஸ், அல்லது எர்த் மோசம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் போர்டிலிருந்து ஒவ்வொன்றாக இறுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் விழும் வோல்டேஜுக்கு வீட்டு லைன்கள் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து ஆம்புக்கென்று தனி லைன் இழுங்கள். 15 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் மூன்றரை வோல்ட்டுக்கு மேல் தின்னும், 4 ஸ்கொயரில் ஒன்றரைக்கும் குறைவு. அதற்கு எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) சி கர்வ், 16 ஆம்பியர். பி கர்வ் போட்டால் பெரிய டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மர் ஆன் ஆகும்போதே விழுந்துவிடும்.

மெயினுக்கு அடுத்து ஓவர், அண்டர் வோல்டேஜ் கட் ஆஃப் ரிலே. ஒரு காசு இருந்தாலும் முதலில் இதற்குத்தான். மேலே 265, கீழே 180, திரும்ப இணைய மூன்று நிமிடத் தாமதம். மூன்று ஃபேஸ் வீட்டில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் வேண்டும். நியூட்ரல் போன அன்று வீட்டைக் காப்பாற்றப்போவது இது ஒன்றுதான்.

அதன் பிறகுதான் ஸ்டெபிலைசர், அதுவும் சர்வோ வகை. உள்ளே ஒரு மோட்டார், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கைத் திருப்பி 230-ஐ ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் நிறுத்தும். சேனலுக்கு 100 வாட் ஆம்புக்கு 2 கேவிஏ வாங்குங்கள். லேபிளில் 500 வாட் என்றிருந்தாலும் ஆம்ப் கரண்ட் இழுப்பது அலையின் உச்சியில் மட்டும், குட்டி ஸ்டெபிலைசர் அந்த உச்சியைத் தட்டையாக்கிவிடும். கார்பன் பிரஷ்ஷை வருடத்துக்கொருமுறை துடைக்கவேண்டும், மோட்டார் சத்தம் வரும் என்பதால் பாட்டுக் கேட்கும் ரூமுக்கு வெளியே வையுங்கள்.

ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் உள்ள வீடுகளில், ஆம்பை அணைக்காமல் அதைத் திருப்பவே திருப்பாதீர்கள். கரண்ட் போனாலும் முதலில் ஆம்ப் சுவிட்சை அணையுங்கள்.

எழுதிவைத்த அந்த மூன்று நாள் அளவுகளோடு மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸுக்குப் போங்கள். “லோ வோல்டேஜ் சார்” என்று வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். தேதி, மணி, வோல்ட், போஸ்ட் நம்பர், அதே லைனில் உள்ள நாலு வீட்டுக் கையெழுத்து, எல்லாம் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். மழைக்காலம் தொடங்குமுன் போஸ்ட்டில் நியூட்ரல் ஜாயிண்ட்டை முறுக்கு பிரித்துக் கிளாம்ப் போடச் சொல்லி, அதையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள்.