சித்தப்பா கழனியில் நிற்கும் கோபுரம்

காட்பாடியிலிருந்து திருவலம் வழியாகப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், அந்தப் பக்கம் முழுக்க மின்கோபுரமும் கம்பியும்தான். அங்கே 765 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது, கர்னூலிலிருந்து வரும் பெரிய லைன் அங்கேதான் வந்து இறங்குகிறது. எங்கள் சித்தப்பா கழனியில் நிற்பது அதோடு சம்பந்தமில்லாத வேறொரு லைன். நாலு காலுக்கு நடுவில் டிராக்டர் திரும்பாது, அந்த இடத்தை மட்டும் மண்வெட்டியால் கொத்தி மல்லாட்டை (வேர்க்கடலை) போடுகிறார். கம்பிக்கு அடியில் வந்த 14 தென்னையை வெட்டினார்கள், எல்லாம் காய்ப்பில் இருந்த மரம். தூறல் போடும் ராத்திரியில் மோட்டார் கொட்டகையில் படுத்தால் தலைக்கு மேல் உஸ்ஸென்று ஓர் இரைச்சல் விடிய விடியக் கேட்கும். போன வாரம் ஊருக்குப் போனபோது அதைக் கேட்டுக்கொண்டே ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இந்த மாதிரி லைன் நமக்கு இன்னும் நிறைய வேண்டும், சீக்கிரமும் வேண்டும். ஆனால் யார் நிலத்தின் மேல் போகிறதோ அவருக்கு, லைன் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் வாடகை தர வேண்டும்.

2012ஐ நினைத்துப் பாருங்கள். சென்னையைத் தாண்டினால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் கிடையாது. மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் ராத்திரி இரண்டு மணிக்கு வரும் என்று சித்தப்பா டார்ச் லைட்டோடு வரப்பில் உட்கார்ந்திருப்பார். அப்போதே தமிழ்நாட்டில் சுமார் 7,000 மெகாவாட்டுக்குக் காற்றாலை இருந்தது. ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாக அடிக்கும். அடிக்கும்போதும் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் உண்டாகிற மின்சாரத்தை முழுசாக எடுத்துவர லைன் போதாமல், நல்ல காற்றிலேயே இறக்கையை நிறுத்தச் சொன்னார்கள். சரி, காற்றில்லாத மாதத்தில் வெளி மாநிலத்தில் வாங்கலாமே என்றால் அதற்கும் வழி குறுகல். தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு முழுசாக இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்தபோதுதான். அப்புறம் சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின் (டி.சி.) லைனும் வந்தது. அன்றைக்கு நாம் இருட்டில் உட்கார்ந்ததற்கு உற்பத்திக் குறைவு மட்டும் காரணமில்லை, கொண்டுவர வழியில்லாததும் ஒரு காரணம். இதை யாரும் பேசுவதே இல்லை.

இப்போது சூரியசக்தியும் சேர்ந்துவிட்டது, கமுதியில் மட்டும் 648 மெகாவாட். மதியம் கொட்டும், நாம் வீட்டுக்கு வந்து லைட், ஃபேன், ஏசி போடுகிற ஏழு மணிக்கு ஒன்றும் இருக்காது. ஓரிடத்தில் மேகம் மூடினால் இன்னொரு இடத்திலிருந்து வர வேண்டும். மதியம் மிஞ்சுவதைக் கடம்பாறை நீர்மின் நிலையம் மாதிரி இடத்தில் தண்ணீரை மேலேற்றி வைத்து மாலையில் திருப்பி எடுக்க வேண்டும். எதற்கும் நடுவில் கம்பி வேண்டும். சோலார் பார்க்கைச் சீக்கிரம் கட்டிவிடலாம், அதற்கான பெரிய லைனுக்குத்தான் வருஷக்கணக்கில் ஆகிறது.

ஏன் இவ்வளவு பெரிய கோபுரம் என்று சித்தப்பாவே கேட்டார். அதே அளவு மின்சாரத்தை இரண்டு மடங்கு வோல்டேஜில் அனுப்பினால் கம்பியில் ஓடும் கரண்ட் பாதியாகும், சூடாகி வீணாவது கால்வாசியாகும். வோல்டேஜ் ஏற ஏறக் கம்பி தரையைவிட்டு உயரத்தில் இருக்க வேண்டும், அதனால்தான் அந்த உயரம். சொன்னதும், "அப்போ என் மோட்டாருக்கு ஏம்பா வோல்டேஜ் இல்ல?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம்தான் வருகிறது. போன மே மாதம் மோட்டார் உம்மென்று உறுமும், சுற்றாது. இரண்டு தரம் ஸ்டார்ட்டர் விழுந்தது, மூன்றாவது தரம் வார்னிஷ் கருகும் வாசனை. மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டிக்கொண்டு வர நாலு நாள் ஆனது, கத்தரிச் செடி அதற்குள் தலை தொங்கிவிட்டது. தலைக்கு மேல் பல லட்சம் வோல்ட், கீழே மோட்டார் ஓடவில்லை. ஊர் டிரான்ஸ்ஃபார்மரில் தாங்குகிற அளவுக்கு மேல் இணைப்பு, ஊருக்குக் கரண்ட் கொண்டுவரும் பீடர் லைனும் பழசு. பெரிய லைனுக்குப் பணம் ஒதுக்கும்போதே கடைசிக் கம்பத்துக்கும் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊர்க்காரன் எதற்குக் கோபுரத்துக்கு இடம் கொடுப்பான்?

நிலத்தை யாரும் வாங்கிக்கொள்வதில்லை, பட்டா நம் பெயரில்தான் இருக்கும். 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தில் கோபுரம் நட்டுவிட்டுப் போகலாம், சம்மதம் கேட்கத் தேவையில்லை. ஆனால் 765 கிலோவோல்ட் இரட்டை லைன் என்றால் 67 மீட்டர் அகலத்துக்கு வீடு கட்ட முடியாது, தென்னை வைக்க முடியாது, விற்கப் போனால் விலை இறங்கும். 2015 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது. 2024 ஜூனில் அது 200, 30 என்று உயர்ந்தது. நல்ல மாற்றம், மனசாரச் சொல்கிறேன். ஆனாலும் அது வழிகாட்டுதல்தான், மாநிலம் ஏற்று நடத்தினால்தான் கைக்கு வரும். வந்தாலும் ஒரே தடவை. செல்போன் டவருக்கு இடம் கொடுத்தவர் மாதா மாதம் வாடகை வாங்குகிறார், மின்கோபுரத்துக்குக் கொடுத்தவர் ஒரு தடவை வாங்கிக்கொண்டு தலைமுறைக்கும் சுற்றிச் சுற்றி உழ வேண்டுமா?

பூமிக்கடியில் போடலாமே என்று 2018, 2019இல் கொங்குப் பக்கம் விவசாயிகள் போராடினார்கள். புகளூர்-திருச்சூர் நேர்மின் லைனில் கேரளத்துக்குள் ஒரு பகுதி கேபிளாகத்தான் போகிறது, ஆகவே முடியாததைக் கேட்கவில்லை அவர்கள். ஆனால் 765 கிலோவோல்ட் மாறுமின்சாரத்தை (ஏ.சி. கரண்டை) நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கேபிளில் கொண்டுபோவது நடக்கிற காரியமில்லை. ஊரும் தோப்பும் நெருக்கமாக உள்ள இடத்தில் கேபிள் போடலாமா என்று பார்க்கட்டும், மற்ற இடத்தில் வாடகை கொடுக்கட்டும். மின்கட்டணத்தில் யூனிட்டுக்குச் சில பைசா கூடினாலும் பரவாயில்லை, நான் கட்டத் தயார். வழக்கில் வருஷக்கணக்கில் லைன் நிற்பதால் ஆகும் நஷ்டமும் கடைசியில் நம் தலையில்தானே விழுகிறது?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம் யார் நிலத்திலாவது கோபுரம் இருந்தால், எந்த வருஷம் நட்டார்கள், மரத்துக்கு எவ்வளவு, இடத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். 2024க்குப் பிறகு புதுக் கணக்கில் வாங்கியவர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த வாரம் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறேன், அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.