படுக்கைகளை எண்ணும்போதே பிணவறையையும் எண்ண வேண்டும்

2021 மே மாதத்தில், கொரோனா இரண்டாம் அலையின்போது, ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்திருந்த பெரியப்பா குடும்பத்தாருடன், சேலத்தில் ஒரு பிணவறையின் வெளியே வேப்பமரத்தடியில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை காத்திருந்தேன். பையின் மேல் ஒட்டியிருந்த தாளில் மை கலைந்து, பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே மிஞ்சியிருந்தன; ஊழியர் முகப்பக்கம் ஜிப்பைத் திறந்து காட்டிய பிறகே அண்ணன், "அப்பாதான்" என்றார். இரண்டே பேராக அத்தனை உடல்களையும் பார்த்துக்கொண்ட அந்த ஊழியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே மாதத்தில்தான் சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியுடன் 500 படுக்கைகள் அமைக்கப்பட்டன. அது பெரும் பணி. ஆனால் படுக்கைகளுக்குக் கணக்குப் போடும் அதே கூட்டத்தில், அவற்றில் பிழைக்காதவர்களுக்கான இடத்தையும் கணக்கிட வேண்டும். அது அபசகுனம் அல்ல, இறந்தவருக்குச் செய்யும் மரியாதை.

பிணவறை நிரம்புவதற்கு இறப்பு எண்ணிக்கை மட்டும் காரணமல்ல. நாளொன்றுக்குப் பத்து உடல்கள் வந்து மறுநாளே ஒப்படைக்கப்பட்டால் பத்து இடங்கள் போதும். பரிசோதனை முடிவு, சான்றிதழ், அமரர் ஊர்தி, மின்மயானத்தில் முறை என்று மூன்று நாள் தாமதமானால் முப்பது இடங்கள் வேண்டும். ஆகவே தற்காலிகப் பிணவறைத் திட்டம் என்பது கூடுதல் எழுத்தர்களையும் வண்டிகளையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும்.

2020இல் மாட்ரிட்டில் பனிச்சறுக்கு அரங்கையும், நியூயார்க்கில் குளிரூட்டப்பட்ட லாரிகளையும் பிணவறையாக்கினார்கள். நம் சுகாதார அமைச்சகம் அவ்வாண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், உடல்களைச் சுமார் 4 டிகிரி செல்சியஸில் வைக்கச் சொல்கிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் ஜெனரேட்டர் இல்லாத கன்டெய்னர் சில மணி நேரம்கூடத் தாங்காது. தெருவிலிருந்து பார்வை படாத, வண்டி திரும்ப இடமுள்ள, கழிவுநீர் வடிகால் கொண்ட இடத்தை இப்போதே குறித்து, உடல்களை ஒன்றன்மேல் ஒன்று கிடத்தாதிருக்க அடுக்குத் தட்டுகளையும், மை அழியாத அடையாள அட்டைகளையும் வாங்கி வைக்கலாம். பேரிடரில் இறந்தோரின் உடல்களைக் கையாள்வது குறித்துத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது.

மாவட்டத் திட்டத்தில் மலைக்கெனத் தனியாக ஒரு பக்கம் வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதி வருகிறேன். மலையில் இறப்பவரின் உடலைக் கீழே இறக்கி, மீண்டும் மேலே ஏற்றி, அவரவர் ஊர்ச் சுடுகாட்டில் அடக்கம் செய்ய வேண்டியிருப்பதால், ஏற்காட்டிலேயே நான்கைந்து உடல்கள் வைக்கும் அளவுக்காவது ஒரு குளிர்சாதன ஏற்பாட்டைக் கேட்கிறேன். பெரியப்பாவின் ஊர்க்காரர்கள் அதில் கையெழுத்திடுகிறார்கள்.