கணக்குப் பிரிவு எழுதிய முகவரித் திட்டம்

வருடத்துக்கு ஒரு முறை எங்கள் அலுவலகத்தில் ஒரே உரையாடல் நடக்கும். ஐபி முகவரிகளுக்கான, அதாவது இணையத்தில் இணையும் கருவிகளை அடையாளம் காட்டும் எண்களுக்கான, ஆண்டுக் கட்டண பில் மின்னஞ்சலில் வரும். அதைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புவேன். பத்தே நிமிடத்தில் தொலைபேசி ஒலிக்கும்.

"சார், இந்த ஐபி முகவரிகளை எல்லாம் அப்போதே வாங்கிவிட்டோம் அல்லவா? மறுபடியும் எதற்குப் பணம்?"

"வாங்கவில்லை, மேடம்."

"அப்படியென்றால் வாடகையா?"

"வாடகையும் இல்லை."

"பிறகு எந்தத் தலைப்பில் எழுதுவது?"

நியாயமான கேள்வி. ஒவ்வொரு ஆண்டும் நான் திணறுவேன். கடைசியில் அவரே சலித்துப்போய் "சந்தா" என்று எழுதிக்கொள்வார். உண்மையில் அதைவிடச் சரியான தலைப்பு கிடையாது. பல ஆண்டுகளாக நெட்வொர்க் துறையில் இருக்கும் என் நண்பர்களே இதை எண்ணின் விலை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விலை என்று நினைத்துவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள கணக்கு எதுவுமே புரியாது.

எந்த எண் யார் கையில் இருக்கிறது என்று ஒரு பதிவேடு. அவ்வளவுதான் விஷயம். இணையத்தின் தொடக்க காலத்தில் அந்தப் பதிவேட்டை ஜான் போஸ்டல் என்ற ஒரு மனிதர் ஏறக்குறையத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டார். கேட்டவருக்கு எண் கிடைத்தது, பில் வரவில்லை. பிறகு உலகத்தை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு பதிவகம் வைத்தார்கள்: 1992-இல் ரைப் என்சிசி (ஐரோப்பா, மேற்கு ஆசியா), 1993-இல் ஏபிநிக் (ஆசிய-பசிபிக், எங்கள் பில் வருவது இங்கிருந்துதான்), 1997-இல் ஆரின் (வட அமெரிக்கா), அதற்குப் பின் லாக்நிக் (லத்தீன் அமெரிக்கா), ஆஃப்ரிநிக் (ஆப்பிரிக்கா). ஐந்துமே இலாப நோக்கம் இல்லாத அமைப்புகள். பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். ஐபி முகவரியிலிருந்து பெயரைத் தேடித்தரும் தலைகீழ் டிஎன்எஸ் சேவை ஓட வேண்டும். இந்த முகவரியை இந்த நெட்வொர்க்தான் அறிவிக்கலாம் என்று சான்று சொல்லும் ஆர்பிகேஐ ஓட வேண்டும். இத்தனைக்கும் ஆகும் செலவை உறுப்பினர்கள் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். உங்கள் பங்குதான் உங்கள் பில்.

பங்கு என்று வந்துவிட்டால் அடுத்த சண்டை, எப்படிப் பிரிப்பது?

ரைப் என்சிசி 2013 முதல் பெரியவர், சிறியவர் என்று பார்ப்பதில்லை. ஒரு கணக்குக்கு ஒரே தொகை. 2024-இல் 1,550 யூரோ, 2025-இல் 1,800 யூரோ. 256 முகவரி வைத்திருப்பவருக்கும் அதேதான், பத்து லட்சம் வைத்திருப்பவருக்கும் அதேதான். முதலில் இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சின்னவர்கள் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று இதே பக்கத்தில் எழுதியும் இருக்கிறேன். அந்தக் கோபம் இப்போது பாதியாகிவிட்டது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆரின் படிக்கட்டு முறையைப் பின்பற்றுகிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 256 முகவரி வரை 250 அமெரிக்க டாலர், 1,024 வரை 500, 4,096 வரை 1,000 என்று ஏறியது. முகவரி நான்கு மடங்கானால் கட்டணம் இரண்டு மடங்கு. பார்க்க எளிமையாக இருக்கிறது. ஆனால் படிக்கட்டு என்றாலே விளிம்பில் நிற்பவருக்கு ஆபத்து. 1,024 முகவரி வைத்திருப்பவர் கூடுதலாக ஒரு 256 எடுத்தால் பில் 500-லிருந்து 1,000-க்குத் தாவும். கையிருப்பு கால் பங்குதான் கூடியது, கட்டணமோ இரட்டிப்பு.

ஏபிநிக் வளைகோட்டு முறையைத் தேர்ந்தெடுத்தது. இதில் படி கிடையாது. 256 முகவரிக்கு ஓர் அடிப்படைக் கட்டணம். கையிருப்பு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் அதை 1.308-ஆல் பெருக்க வேண்டும். பள்ளியில் நம்மைப் படாதபாடு படுத்திய மடக்கை இருக்கிறதே, அதேதான். நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1,180 ஆஸ்திரேலிய டாலர் அடிப்படையையும் இந்த 1.308-ஐயும் வைத்தே இங்கே கணக்குப் போடுகிறேன். தொகை ஏறி இறங்கினாலும் வாதம் மாறாது. 256 முகவரிக்கு 1,180. 512-க்கு 1,543 சொச்சம். 1,024-க்கு 2,018 சொச்சம். 65,536 முகவரிக்குச் சுமார் 10,110.

இங்கேதான் எல்லோரும் கொதிப்பார்கள். முகவரி வாரியாக வகுத்துப் பாருங்கள்: 256 வைத்திருப்பவர் ஒரு முகவரிக்கு 4 டாலர் 61 சென்ட் தருகிறார். 65,536 வைத்திருப்பவர் 15 சென்ட் தருகிறார். முப்பது மடங்கு வித்தியாசம். அநியாயம் இல்லையா?

இல்லை என்பது என் கருத்து. ஒரு /8, அதாவது ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் முகவரிகள் கொண்ட தொகுதி (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் சிறிதாக ஆக, தொகுதி பெரிதாகும்). அதற்கு முகவரி வாரியாக அதே 4.61 வீதத்தில் பில் போட்டால் 7 கோடியே 73 லட்சம் டாலர் வரும். வளைகோட்டில் சுமார் 86,600. எது நியாயமான தொகை? அந்த /8-க்காகப் பதிவேட்டில் எழுதுவதும் ஒரே வரிதான், 256 முகவரிக்காக எழுதுவதும் ஒரே வரிதான். பெரியவருக்குத் தொடர்புவேலை கொஞ்சம் அதிகம் இருக்கலாம். அறுபத்தைந்தாயிரம் மடங்கு அதிகம் இருக்காது. எண்ணை விற்றால் முகவரி வாரியாக வாங்கலாம். பதிவேட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்ள வளைகோடுதான் பொருத்தம். இதுவரை ஏபிநிக் சூத்திரத்துக்கு என் ஓட்டு. (ஓட்டு என்றதும் நினைவு வருகிறது: அங்கே கட்டண அடுக்கு உயர உயர உறுப்பினரின் ஓட்டு எண்ணிக்கையும் உயரும், அதிகபட்சம் 64 வரை. அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம்.)

என் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது.

இதுவரை பேசியது ஐபிவி4, அதாவது பற்றாக்குறையாகிவிட்ட பழைய வகை முகவரி; அதற்கு மாற்றாக வந்த, எண்கள் ஏராளமாக உள்ள புதிய வகை ஐபிவி6. ஐபிவி4-க்கு ஒரு கணக்கு, ஐபிவி6-க்கு ஒரு கணக்கு. இரண்டில் எது பெரிதோ அதை மட்டும் கட்டினால் போதும். இதுதான் ஏபிநிக் விதி, ஆரினிலும் ஏறக்குறைய இப்படித்தான். படித்தவுடன் பெருந்தன்மையாகத் தெரியும். ஐபிவி4 இருப்பவருக்கு ஐபிவி6 இலவசம் மாதிரி. பெரிய நிறுவனங்களுக்கு அது உண்மையும்கூட.

சிறியவருக்கு என்ன ஆகிறது? ஏபிநிக் சூத்திரத்தில் ஒரு சேவை நிறுவனம் வழக்கமாகப் பெறும் ஐபிவி6 /32 தொகுதியின் கட்டணமும், 1,024 முகவரி கொண்ட ஐபிவி4 /22 தொகுதியின் கட்டணமும் அச்சு அசல் ஒன்று. 1,024 முகவரிக்கும் 2,018, /32-க்கும் 2,018. 2011 ஏப்ரலில் ஏபிநிக்கின் ஐபிவி4 கையிருப்பு கடைசி /8-க்கு வந்தபின் அதிலிருந்து ஓர் உறுப்பினருக்கு அதிகபட்சம் /22 கொடுத்தார்கள். அப்போது தராசு சமமாக நின்றது. ஐபிவி6 எடுத்தாலும் பில்லில் ஒரு காசு ஏறாது. 2019-இல் அந்த அதிகபட்சத்தை /23 ஆக, அதாவது 512 முகவரியாகக் குறைத்தார்கள். தராசு சாய்ந்துவிட்டது. 512 மட்டும் வைத்திருந்தால் 1,543. கூடவே /32 எடுத்தால் 2,018. புதியவருக்கு ஐபிவி6 என்றால் ஆண்டுக்கு 475 டாலர் கூடுதல்.

எங்கள் அலுவலகத்தில் இது அப்படியே நடந்தது. நாங்கள் 512-காரர்கள். /32 கேட்டு விண்ணப்பம் தயார் செய்து, செலவு ஒப்புதலுக்கு அனுப்பினேன். "இதனால் இந்த ஆண்டு புது வாடிக்கையாளர் எத்தனை பேர் வருவார்கள்?" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்கள். யாரும் வர மாட்டார்கள் என்பதுதான் நேர்மையான பதில். கோப்பு ஒன்றரை ஆண்டு தூங்கியது.

நாங்கள் மட்டும் கஞ்சர்கள் என்று நினைக்க வேண்டாம். ஆரின் பட்டியலில் /32 எடுத்தவர் நேராக 1,000 டாலர் படியில் போய் நின்றார், ஐபிவி4 வெறும் 256 இருந்தாலும். பில் ஏறுகிறது என்பதற்காகவே சிறிய நிறுவனங்கள் ஐபிவி6 வேண்டாம் என்றன. அதனால் 2020-இல் அங்கே /40 என்ற சின்னத் தொகுதியைக் கொடுக்க ஒரு கொள்கை முன்மொழிவே வந்தது. அடிப்படியில் இருப்பவர் அதே படியிலேயே இருக்கலாம்.

சலுகைதான். ஆனால் ஒரு பொறியாளரிடம் கேட்டுப் பாருங்கள், /40 என்றால் என்ன என்று. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு /48 கொடுக்கலாம் என்று திட்டம் போட்டால் /32-இல் 65,536 பேருக்குக் கொடுக்கலாம். /40-இல் 256 பேருக்கு. ஐபிவி6 வந்ததே கஞ்சத்தனம் போதும் என்பதற்காக. கட்டணப் படிக்குப் பயந்து மறுபடியும் துண்டு துண்டாக நறுக்கி, வீட்டுக்கு ஒரே ஒரு /64, அதாவது ஒற்றை உள் நெட்வொர்க்குக்கு மட்டும் போதுமான துண்டு, என்று கொடுக்கும் நெட்வொர்க்குகள் உருவாகின்றன. முகவரித் திட்டத்தை எழுத வேண்டியவன் நெட்வொர்க்காரன்; எழுதுவதோ கட்டணப் பட்டியல்.

ரைப் மீது இருந்த கோபம் பாதியானது இதனால்தான். அங்கே /32 எடுத்தாலும் கட்டணம் அதேதான், தனிக் காரணம் எதுவும் காட்டாமல் /29 வரை எடுத்தாலும் அதேதான். முரட்டுத்தனமான ஒரே கட்டணம், ஆனால் திட்டம் போடுபவன் கையைத் தட்டிவிடுவதில்லை.

வளைகோட்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சூத்திரத்தில் ஐபிவி6 பக்கத்தில் 22 என்று ஒரு கழித்தல் எண் இருக்கிறது. அதை 24 ஆக்கினால் /32-இன் கட்டணம் அடிப்படைக் கட்டணத்துக்கு இறங்கிவிடும். 256 முகவரி வைத்திருப்பவரும் பில்லைப் பற்றி யோசிக்காமல் /32 எடுப்பார். வருமானம் குறையுமே என்றால், ஆம், குறையும். அந்தப் பள்ளத்தை அடிப்படைக் கட்டணத்தில் சிறிது ஏற்றி எல்லோர் தலையிலும் பகிர்ந்து நிரப்பலாம். அதில் எனக்கும் பங்கு வரும், கட்டுகிறேன். ஐபிவி6-க்கு மாறுங்கள் என்று கருத்தரங்கு நடத்திக்கொண்டே, மாறுபவருக்குக் கூடுதல் பில் அனுப்புவதைவிட அது மேல்.

பணம் செலுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை, புதிதாக உறுப்பினராகிறவர்களுக்காக. பில் வெளிநாட்டு நாணயத்தில் வரும். வங்கி வழியாக அனுப்பும்போது இடையில் நிற்கும் வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியை அனுப்பும். ஒரு முறை முழுத் தொகையையும் அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். போய்ச் சேர்ந்தது 18 டாலர் குறைவாக. அந்த 18 டாலருக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டல். சிரித்துவிட்டு விட முடியாது, ஏனென்றால் பாக்கி நீடித்தால் கடைசியில் பதிவே ரத்தாகலாம். பதிவு போனால் தலைகீழ் டிஎன்எஸ்ஸும் சான்றும் கூடவே போகும். அனுப்பும் செலவு முழுவதும் எங்களுடையது என்று படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நாங்கள் அதைக் கற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆனது.

எங்கள் கோப்புக்குச் சென்ற மாதம் உயிர் வந்தது. ஒரு பெரிய வாடிக்கையாளர் ஐபிவி6 இல்லாமல் ஒப்பந்தம் கிடையாது என்று சொல்லிவிட்டார். இரண்டே நாளில் ஒப்புதல் கையெழுத்து. /32 என்று தெளிவாக எழுதி அனுப்பிவிட்டேன். மாலையில் கணக்குப் பிரிவிலிருந்து தொலைபேசி.

"சார், இந்த 475 டாலரை எந்தத் தலைப்பில் எழுதுவது?"