கைரோஸ்கோப் தருவது கோணம் இல்லை

மதுரை தமுக்கம் பொருட்காட்சியில் குடை ராட்டினத்தில் போனை வைத்து, பள்ளி புராஜெக்டுக்கு டேட்டா எடுக்கும் யோசனை அருமை. ஆனால் "கைரோஸ்கோப் எண்கள் எல்லாம் டிகிரி, எக்செல்லில் போட்டால் எவ்வளவு திரும்பியது என்று தெரிந்துவிடும்" என்று ஒருவர் இங்கே சொல்லியிருப்பது தவறு. அதை நம்பிப் பிள்ளைகள் அறிக்கை எழுதினால் உழைப்பு மொத்தமும் வீண்.

போனுக்குள் இருக்கும் கைரோஸ்கோப் என்ற உணரி தருவது சுழலும் வேகம், விநாடிக்கு இத்தனை ரேடியன் என்று (ரேடியன் என்பது கோண அளவு, ஒரு முழுச் சுற்று சுமார் 6.28 ரேடியன்). 6 விநாடிக்கு ஒரு சுற்று என்றால், படுக்க வைத்த போனில் இசட் பத்தியில் (திரைக்குச் செங்குத்தான அச்சு) சுமார் 1.05 வரும். ராட்டினம் நின்றதும் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். கோணமாக இருந்தால் அப்படி இறங்குமா?

கோணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியையும் அதன் கால இடைவெளியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். இடைவெளி ஒரே சீராக இருக்காது, அதனால் நேரப் பத்தியையே பயன்படுத்துங்கள். அப்புறம் முக்கியமான சிக்கல்: மேசையில் அசையாமல் கிடக்கும் போன் 0.01 காட்டினாலே, 10 நிமிடத்தில் 6 ரேடியன் சேர்ந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று! சுற்றத் தொடங்கும் முன் அரை நிமிடம் அசையாமல் பதிவு செய்து, அந்தச் சராசரியைக் கழித்துவிடுங்கள்.

ராட்சத ராட்டினம் இதற்கு ஆகாது. பெட்டி நிமிர்ந்தே தொங்குவதால் அதன் ஆட்டம் மட்டும்தான் பதிவாகும்.

பதிவுக்கு ஆகன் பல்கலைக்கழகத்தின் இலவசச் செயலி ஃபைபாக்ஸ் போதும். ஆனால் விலை குறைந்த சில போன்களில் கைரோஸ்கோப்பே கிடையாது. ஸ்கிரீன் தானாகத் திரும்புவதை வைத்து இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள், அதற்குப் போனின் சாய்வை உணரும் முடுக்கமானியே போதும்.