288 வெற்றி போதாதா?

பேஸ்பால் பார்க்கிற யாரிடமும் டாமி ஜான் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு நேரே அவர் பெயராலேயே அழைக்கப்படும் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போய்விடும். அந்தப் பெயரில் ஒரு மனிதர் 26 சீசன் ஆடினார், 288 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார் என்பது பலருக்கு நினைவிலேயே இல்லை. எனக்கு இது பல நாள் ஆதங்கம்.

1974 ஜூலை. டாமி ஜான் அப்போது டாட்ஜர்ஸ் அணியின் இடதுகை பிட்சர், அதாவது பந்து எறிபவர். அந்த சீசனில் அதுவரை 13 வெற்றி, 3 தோல்வி. மான்ட்ரியால் அணிக்கு எதிராக எறியும்போது முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழிந்தது. கிரிக்கெட்டில் கையை மடக்கி எறிந்தால் நோ பால். இங்கே அப்படி எறிவதுதான் தொழிலே. ஒவ்வொரு பந்துக்கும் அந்த விசையைத் தாங்குவது இந்தத் தசைநார்தான். அது போனால் பிட்சர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றிருந்த காலம்.

டாக்டர் ஃபிராங்க் ஜோப், வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு, எட்டு வடிவில் கோர்த்துக் கட்டினார். மறுபடி ஆட நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் அவரே நினைத்தார். அப்புறம் நரம்பு பாதித்து விரல்கள் மடங்கிக்கொள்ள, இன்னொரு அறுவை சிகிச்சை. 1975 முழுக்க ஆட்டமே இல்லை.

1976-ல் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு மட்டும் 164 வெற்றி! முன்பு எடுத்தது 124தான். 1977, 1979, 1980 என மூன்று சீசன்களில் இருபது வெற்றிக்குக் குறையவில்லை. 46 வயதில், 1989-ல்தான் ஓய்வு.

இதில் டாக்டருக்குப் பாதிப் பெருமை, சரி. மீதி அவர் எறிந்த விதத்துக்கு. டாமி ஜான் வேகத்தை நம்பியவர் இல்லை. அவருடைய சிங்கர் பந்து மட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் கீழே இறங்கும்; அடிப்பவர் பந்தின் மேல்பாகத்தைத்தான் அடிப்பார், அது தரையில் உருண்டு ஃபீல்டர் கைக்குப் போகும். ஃபீல்டர் உதவியில்லாமல் அடிப்பவரை வெளியேற்றும் ஸ்ட்ரைக் அவுட் எண்ணிக்கை பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. அறுவை சிகிச்சை செய்த எல்லோரும் இன்னும் பதினான்கு சீசன் ஆடிவிடுவதில்லையே!

இன்று எல்லாமே வேகம். 2008-ல் மணிக்கு 147 கிலோமீட்டர் அளவில் இருந்த ஃபாஸ்ட்பால் என்கிற வேகப் பந்தின் சராசரி வேகம், 2024-ல் 151-ஐத் தாண்டியது. ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதுதான் காயங்களுக்கு முக்கியக் காரணம் என்று அமெரிக்க பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. பள்ளிப் பையன்கள்கூட இந்த அறுவை சிகிச்சைக்குப் படுக்கிறார்கள். அவர்கள் டாமி ஜானிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சிங்கரை. எடுத்துக்கொண்டதோ தழும்பை மட்டும்.

சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் விஷயம்தான் தாங்கவில்லை. பேஸ்பால் எழுத்தாளர்கள் பதினைந்து முறை ஓட்டுப் போட்டும் 32 சதவீதத்தைக்கூட அவர் எட்டவில்லை, தேவை 75. சீசனின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கவில்லை என்பார்கள். இரண்டு முறை இரண்டாம் இடத்தில் வந்தவர் ஐயா அவர்! 2013-ல் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் டாக்டர் ஜோபுக்கு மரியாதை செய்தார்கள், நியாயம்தான். அந்தக் கையை வைத்துக்கொண்டு பந்து எறிந்தவர் மட்டும் இன்னும் வெளியே. 2024 டிசம்பரில் சிறப்புக் குழுவில் 16 பேரில் 7 பேர்தான் அவர் பக்கம். அடுத்து 2027-ல் அந்தக் குழு கூடும்போது அவருக்கு 84 வயது. உயிரோடு இருக்கும்போதே அவரை மேடையேற்றுங்கள்.